‘உடனுண்ணல்’ பொருந்தவில்லை, ‘ஒண்டுவாழ்வு’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

இரண்டு உயிர்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்றுக்கு நன்மை, மற்றதற்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. உயிரியலில் ‘கமென்சலிசம்’ எனப்படும் இந்த உறவுக்குத் தமிழில் ‘உடனுண்ணல்’ என்பதே நிலைக்கட்டும் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார்கள். மூலச்சொல்லுக்கு அது நேர்தான். லத்தீனில் ‘மென்சா’ என்றால் மேசை. 1870களில் வான் பெனடன் என்ற பெல்ஜிய விலங்கியலாளர், பக்கத்து வீட்டுப் பந்தியில் உட்காருபவரைப் போல வாழும் விலங்குகளுக்கு அந்த மூலச்சொல்லைப் பயன்படுத்தினார். ஆனால் பந்தி அவருடைய உவமை. நாம் ஏன் அதைச் சுமக்க வேண்டும்?

நம் குமரி மாவட்டத்துத் தேரூர்ப் பக்கம் கும்பப்பூ நெல் அறுத்த வயலில் மாடு மேய்வதைப் பாருங்கள். அதன் முன்னங்காலை விட்டு விலகாமல் உண்ணிக்கொக்கு நடக்கிறது. மாடு அடியெடுத்து வைத்ததும் தாளுக்குள்ளிருந்து வெட்டுக்கிளி எம்புகிறது. கொக்கு கழுத்தை நீட்டிக் கொத்திவிடுகிறது. மாடு தின்பது புல், கொக்கு தின்பது பூச்சி. இதில் உடனுண்ணல் எங்கே இருக்கிறது? உழவின்போது அதே கொக்கு டிராக்டருக்குப் பின்னாலும் போகிறது. (பெயரில் உண்ணி இருந்தாலும் அதன் இரை பெரும்பாலும் வெட்டுக்கிளியும் ஈயும்தான். உண்ணி பொறுக்குவதே அதன் பிழைப்பாக இருந்தால் மாட்டுக்கும் நன்மை. உறவின் பெயரே மாறிவிடும்.)

செடிகளுக்கு வந்தால் அந்தச் சொல் இன்னும் தடுமாறுகிறது. குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் பலாமரத்தில் நல்லமிளகுக் கொடி ஏறியிருக்கும். கணுவுக்குக் கணு சிறு வேர்கள் பட்டையைப் பிடித்துக்கொள்கின்றன, உள்ளே இறங்குவதில்லை. தண்ணீரும் சத்தும் மண்ணிலுள்ள வேர் வழியாகத்தான் வருகின்றன. மாமரத்துப் புல்லுருவியோ கிளைக்குள் வேரை இறக்கி உறிஞ்சுகிறது. அது ஒட்டுண்ணி. மிளகுக்கொடி மரத்திடம் உண்ணவே இல்லை, ஒண்டியிருக்கிறது.

அதனால்தான் ‘ஒண்டுவாழ்வு’ என்கிறேன். ஒண்டுக்குடித்தனம் நமக்குத் தெரியும். மழைக்குத் திண்ணையில் ஒண்டுவதும் தெரியும். இடம் கொடுக்கும் உயிருக்கு ‘ஓம்புயிரி’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அதனோடு ‘ஒண்டுயிரி’ இயல்பாக இணைகிறது.

‘அண்டிவாழ்வு’ என்று முதலில் நானும் எழுதிப் பார்த்தேன். நம் மாவட்டத்தில் அண்டி என்றால் முந்திரிக்கொட்டை. வகுப்பில் பிள்ளைகள் சிரித்துவிட்டால் பாடம் போய்விடும்.

‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிய’ பழமொழியைச் சொல்லி, ‘ஒண்டு’ என்ற சொல் வேண்டாம் என்று குழுவில் அக்கா ஒருவர் மறுத்திருந்தார்கள். பழமொழி சொல்வது ஒண்ட வந்தது வரம்பு மீறிய கதையை. ஒண்டுதல் தன்னளவில் கேடற்றது என்பதால்தானே அந்த மீறல் பழமொழியாகும் அளவுக்கு உறுத்துகிறது?

ஒரே ஒரு தயக்கம் எனக்கு உண்டு. ஒண்டுதல் என்றதும் ஒதுங்க இடம்தான் முதலில் நினைவுக்கு வரும். கொக்கு தேடுவது இரையை. ‘மாட்டை ஒண்டியே நடக்கிறது’ என்பது என் காதுக்கு இயல்பாக இருக்கிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து நண்பர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்: கொக்கு மாட்டோடு போவதற்கும், நல்லமிளகு மரத்தில் ஏறுவதற்கும் அவர்கள் என்ன வினைச்சொல் சொல்கிறார்கள்?