உபாகமம் 21: போரில் சிறைபிடித்த பெண்ணைப் பற்றிய சட்டத்தை யூதர்கள் எப்படி வாசித்தார்கள்?

வேதபாட ரீச்சர், வெள்ளவத்தை:

எங்கள் சபையில் பதினாறு, பதினேழு வயதுப் பெண்பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கிறேன். இப்போது உபாகமம் போய்க்கொண்டிருக்கிறது. 21ஆம் அதிகாரம் 10 முதல் 14 வரையான வசனங்களுக்கு வந்ததும் பாடம் அப்படியே நின்றுவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். போருக்குப் போனவன் சிறைபிடிக்கப்பட்டவர்களுக்குள் அழகான ஒரு பெண்ணைக் கண்டு ஆசைப்பட்டால் அவளை வீட்டுக்குக் கொண்டுவரலாம். அவள் தலையைச் சிரைத்து, நகங்களைக் களைந்து, பிடிபட்டபோது உடுத்திருந்த உடுப்பைக் கழற்ற வேண்டும். தாய் தகப்பனை நினைத்து ஒரு மாதம் அழ வேண்டும். அப்புறம் அவன் அவளை மனைவியாக்கிக்கொள்ளலாம். பிறகு பிடிக்காமல் போனால் அவளை அவள் விருப்பப்படி போகவிட வேண்டும், காசுக்கு விற்கக் கூடாது.

ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "அவளிட்ட ஆராவது கேட்டவையா, ரீச்சர்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. என்னிடம் உள்ள விளக்கவுரைகள் எல்லாம், மற்ற இனங்களோடு ஒப்பிட்டால் இது இரக்கமான சட்டம் என்று ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போகின்றன. அந்த ஒரு வரியை அந்தப் பிள்ளையிடம் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. 2009க்குப் பிறகு வன்னியிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுடைய வீடுகளில் சில விஷயங்களை யாரும் கதைப்பதில்லை.

இந்தச் சட்டம் யூதர்களுடையது. அவர்கள் இதை எப்படி விளங்கிக்கொண்டார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெமட்டகொடை வாசகன்:

அந்தக் காலத்துப் போர் அப்படித்தான் ரீச்சர். அசீரியர் செய்ததைப் பார்த்தால் இது எவ்வளவோ மேல். பிள்ளைகளுக்கு இதையெல்லாம் கிளறாமல் 22ஆம் அதிகாரத்துக்குப் போய்விடுங்கள்.

இளைப்பாறிய சட்டத்தரணி:

தங்கச்சி, தாண்டிப் போகாதீர்கள். கேட்ட பிள்ளை சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள்.

நான் புதுக்கடை நீதிமன்றங்களில் தாபரிப்பு வழக்குகள் பேசியவள். சைவக் குடும்பம். இளைப்பாறிய பிறகு யூதச் சட்ட நூல்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசிக்கத் தொடங்கினேன், இன்னும் விடவில்லை. உங்கள் பிள்ளைக்கான நேரான பதில்: இல்லை, யாரும் கேட்கவில்லை. அந்த ஐந்து வசனங்களிலும் அவளுக்கு வாய் இருப்பது அழுவதற்கு மட்டும்தான். முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் பிள்ளைகள் உங்களை நம்பமாட்டார்கள்.

அப்புறம் யூதர்களின் வாசிப்புக்கு வருவோம். ஒரு சட்டத்தை எடுத்தால் அது யாருடைய கையைக் கட்டுகிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். இது போர்வீரனுடைய கையைக் கட்டுகிறது. தல்மூத் என்பது வேதச் சட்டங்களைப் பற்றி யூதக் குருமார் வாதாடியதைத் தொகுத்த பழைய நூல். அந்தக் காலத்துக் குருமார் இதை ஒரு நல்ல காரியமாக எடுத்துக்கொள்ளவே இல்லை. மனிதனின் கெட்ட ஆசைக்கு எதிராகத்தான் வேதம் இங்கே பேசியது என்கிறது தல்மூத்தின் கிதூஷின் என்ற பகுதி. அங்கே ஓர் உவமை வருகிறது: செத்துப்போன மிருகத்தின் இறைச்சியைத் தின்பதைவிட, சாகக் கிடக்கும் மிருகத்தையாவது முறைப்படி அறுத்துத் தின்னட்டும். அதாவது, எப்படியும் செய்யப்போகிறான், ஒரு வரம்புக்குள் செய்யட்டும். அந்த உவமையில் பெண் இறைச்சியாகிவிடுகிறாள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எனக்கு அந்த இடம் இன்றைக்கும் கசக்கிறது.

நகத்தைப் பற்றி ஒரு வாக்குவாதம் இருக்கிறது. வெட்ட வேண்டும் என்கிறார் ரபி எலியேசர். இல்லை, வளரவிட வேண்டும் என்கிறார் ரபி அகிவா. மொட்டைத் தலையோடு நீண்ட நகமும் சேர்ந்தால் பார்க்க அவலட்சணமாக இருக்கும், அவனுடைய ஆசை விட்டுப்போகும் என்பது அகிவாவின் கணக்கு. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்த வேத உரைகாரர் ராஷி இதே வழியில் இன்னும் போகிறார். அவளை ஏதோ ஒரு மூலை அறையில் வைக்கக் கூடாது, அவன் புழங்கும் வீட்டிலேயே வைக்க வேண்டும். உள்ளே வந்தாலும் அவளில் இடறவேண்டும், வெளியே போனாலும் இடறவேண்டும். அவள் அழுவதை நாள்தோறும் அவன் பார்க்க வேண்டும்.

இதை வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தாய் தகப்பனுக்காக அவள் அழுகிற அழுகைகூட அவனுக்கு மருந்தாகிவிட்டதே என்று. ஆனால் அதோடு முடியவில்லை. 1138இல் கோர்டோபாவில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் தன்னுடைய தத்துவ நூலில் அந்த மாதத்தை அவள் பக்கத்திலிருந்து பார்க்கிறார். துக்கப்படுகிறவர்களுக்கு அழுவதில்தான் ஆறுதல், உடல் களைக்கும்வரை அழவிட வேண்டும் என்கிறார். அந்த முப்பது நாளும் அவள் தன் பழைய சமயத்தையே கும்பிடலாம், அவளோடு விசுவாசத்தைப் பற்றி யாரும் தர்க்கம் பண்ணக் கூடாது என்றும் சொல்கிறார். சிலை வணக்கத்தை அவ்வளவு வெறுத்த ஒருவர் இதை எழுதினார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இதே மைமோனிடிஸ்தான் தன்னுடைய சட்ட நூலில், போர் நேரத்தில் ஒரு தடவை அவளோடு கூடலாம், இந்த ஒரு மாத ஒழுங்கெல்லாம் அதற்குப் பிறகு என்று எழுதினார். மறைவான இடத்தில்தான், ஒருத்தியோடு மட்டும்தான், தகப்பனுக்கோ சகோதரனுக்கோ என்று இன்னொருத்தியைப் பிடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடுகள் போடுகிறார். போடட்டும். அது வல்லுறவுதான், எனக்கு வேறு சொல் தெரியாது. இதை மறுத்த குருமாரும் உண்டு. தல்மூத்தின் இன்னொரு தொகுப்பான எருசலேம் தல்மூத்தில் ரபி யோகனான், முதல் தடவையும் இல்லை, இரண்டாம் தடவையும் இல்லை, எல்லாம் செய்து முடித்த பிறகுதான் என்று வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்கிறார். 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் இருந்த நஹ்மனிடிஸும் வசனத்தின் நேர்ப்பொருள் அதுதான் என்கிறார். ஆகவே, "யூதர்கள் அனுமதித்தார்கள்" என்று சொன்னாலும் பிழை, "தடுத்தார்கள்" என்று சொன்னாலும் பிழை. வாதாடினார்கள்.

அதிகாரத்தின் ஒழுங்கையும் அவர்கள் விடவில்லை. முதலில் சிறைபிடித்த பெண், அடுத்து வெறுக்கப்பட்ட மனைவியின் பிள்ளை, அதற்கடுத்துத் தாய் தகப்பனுக்கு அடங்காத மகன். இவளைக் கட்டினால் கடைசியில் வெறுப்பாய், வெறுத்தால் அடங்காப் பிள்ளை பிறப்பான் என்று மூன்றையும் ஒரு சங்கிலியாக்குகிறார் ராஷி. அதற்குச் சாட்சி தாவீதின் வீடு. தகப்பன் தாவீதுக்கு எதிராகவே கிளம்பிய அப்சலோமின் தாய் மாக்காள், கேசூர் ராஜாவின் மகள். அவள் இப்படிப் போரில் பிடிக்கப்பட்டவள் என்பது குருமாரின் மரபு. வேதாகமத்தில் அப்படி நேரடியாக இல்லை. சட்டத்தால் நிறுத்த முடியாத ஒருவனைக் கதை சொல்லிப் பயமுறுத்தி நிறுத்தப் பார்க்கிறார்கள்.

கடைசி வசனத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். விற்கக் கூடாது, ஏனென்றால் நீ அவளைத் தாழ்மைப்படுத்தினாய் என்று காரணம் சொல்லியிருக்கிறது. அனுமதி கொடுத்த சட்டமே, நடந்தது அவளுக்குத் தாழ்வு என்று தன் வாயால் ஒத்துக்கொள்கிறது. சட்ட நூல்களில் இப்படி ஒரு வாக்குமூலம் கிடைப்பது அபூர்வம். ஆனால் "அவள் விருப்பப்படி போகட்டும்" என்றால், எங்கே போவாள்? அவளுடைய ஊர் எரிந்துவிட்டது. தாபரிப்புக் கட்டளையைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்ற வாசலில் நின்று, "அம்மா, இனி நான் எங்க போறது?" என்று கேட்ட பெண்களை எனக்குத் தெரியும். விடுதலை என்று தாளில் எழுதிவிடலாம். அவளுக்கு ஒரு வீடு வேண்டும்.

தமிழ்ப்பாட ஆசிரியர், கொட்டாஞ்சேனை:

அக்கா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். இதை யூதர் விஷயம் என்று தள்ளிவைத்துவிட்டு நாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பட்டினப்பாலையில் கொண்டி மகளிர் வருகிறார்கள். பகைவரிடமிருந்து பிடித்துக்கொண்டு வந்த பெண்கள் என்றே நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது. நீர்த்துறையில் மூழ்கிவிட்டு வந்து, அம்பலத்தில் அந்தி விளக்கு ஏற்றுகிறார்கள். கரிகாலன் அழித்த பகைவர் ஊர்கள் முன்பு எப்படி இருந்தன என்று சொல்லும் இடத்தில்தான் அது பாடப்படுகிறது. நான் எத்தனையோ வருடமாக அந்த வரிகளை அழகு என்று படிப்பித்திருக்கிறேன். அவர்களுக்கு ஒரு மாதம் அழ நேரம் கிடைத்ததா என்று அந்தப் பாட்டில் இல்லை.

மொரட்டுவை மாணவன்:

அன்ரி, ஒரு கேள்வி. இது இன்றைக்கும் யூதர்களிடம் நடைமுறையில் உள்ள சட்டமா? அப்படியென்றால் இவ்வளவு விளக்கம் எதற்கு, பிழை என்று சொல்லிவிட்டுப் போகலாமே?

இளைப்பாறிய சட்டத்தரணி:

நடைமுறையில் இல்லை, தம்பி. குருமாரின் கணக்கில் இந்தப் பகுதி அரசன் தானாக விரும்பிப் போகும் போருக்கு மட்டும் உரியது. அப்படிப்பட்ட போருக்கு எழுபத்தொரு பேர் கொண்ட பெரிய சபையின் அனுமதி வேண்டும். அந்தச் சபையும் இல்லை, அரசனும் இல்லை. ஆனாலும் பழைய ஏட்டில்தானே இருக்கிறது என்று சும்மா இருக்க முடியாது. 2016இல் ஏயால் கரீம் என்ற ரபி இஸ்ரேல் இராணுவத்தின் தலைமைக் குருவாக நியமிக்கப்பட்டபோது, பல வருடங்களுக்கு முன் இதே வசனங்களைப் பற்றி ஒருவர் கேட்ட கேள்விக்கு அவர் கொடுத்திருந்த பதில் வெளியே வந்து பெரிய எதிர்ப்பு எழுந்தது. விஷயம் உயர் நீதிமன்றம்வரை போனது. போரில் பெண்களை வல்லுறவு செய்ய எந்தப் படையினனுக்கும் எக்காலத்திலும் அனுமதி இல்லை என்று அவர் தெளிவாகச் சொல்ல வேண்டி வந்தது. பிழை என்று சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். ஆனால் அந்த மரபுக்குள் இருந்தே அதற்கு எதிராகக் கதைத்தவர்கள் யார் என்று தெரியாவிட்டால், அடுத்த தடவை ஒருவன் அந்த வசனத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது யாருடைய பேச்சை எடுத்துப் பதில் சொல்வீர்கள்?

ரீச்சர், இன்னொரு பக்கமும் இருக்கிறது. சொந்தப் பெண்கள் பிடிபட்டபோது அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கல்யாண ஒப்பந்தத்திலேயே, நீ சிறைப்பட்டால் உன்னை மீட்டுத் திரும்ப மனைவியாக ஏற்றுக்கொள்வேன் என்ற கடமை கணவனுக்கு உண்டு. எழுதாவிட்டாலும் அது அவனைக் கட்டும். ஆசாரியனுக்கு மட்டும் வேறு விதி: மீட்டு அவளுடைய ஊருக்கு அனுப்பலாம், சேர்ந்து வாழ முடியாது. ஆனால் அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு வேலைக்காரி சாட்சி சொன்னாலும் போதும், ஏற்றுக்கொள்வார்கள். கணவன் சொன்னால் செல்லாது.

சகரியா பென் ஹகட்சாவ் என்ற ஆசாரியன் வந்து சத்தியம் பண்ணுகிறான்: அந்நியர் எருசலேமுக்குள் புகுந்தது முதல் போகும்வரை என் மனைவியுடைய கை என் கையை விட்டு விலகவில்லை. ஒருவன் தனக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது என்று மறுத்துவிட்டார்கள். அவன் அவளைத் துரத்தவில்லை. தன் முற்றத்திலேயே அவளுக்கு ஒரு வீடு ஒதுக்கிக் கொடுத்தான். இருவரும் தனித்திருக்கக் கூடாதே என்று, வெளியே போகும்போது அவள் பிள்ளைகளுக்கு முன்னே போவாள், திரும்பி வரும்போது பிள்ளைகளுக்குப் பின்னே வருவாள். தல்மூத் இதைத் தீர்ப்புக்குக் கீழே நாலு வரியில் எழுதி வைத்திருக்கிறது. சட்டம் அவளுக்குச் செய்த அநியாயத்தை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியாது.

வேதபாட ரீச்சர், வெள்ளவத்தை:

அக்கா, மிக்க நன்றி. பிள்ளையின் கேள்விக்கு "இல்லை" என்றே தொடங்கப்போகிறேன். மாக்காளையும் சகரியாவின் மனைவியையும் சேர்த்து எடுத்தால் இரண்டு வகுப்பு பிடிக்கும், பரவாயில்லை. கொண்டி மகளிர் வரிகளையும் கொண்டு போகிறேன், ஆசிரியர் அண்ணா. தாய்மாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமா என்றுதான் யோசிக்கிறேன்.

இளைப்பாறிய சட்டத்தரணி:

கட்டாயம் சொல்லுங்கள், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக. வர விரும்பாத பிள்ளையிடம் காரணம் கேட்காதீர்கள். சகரியாவின் கதை தல்மூத்தின் கேதுபோத் என்ற பகுதியில் 27ஆம் ஏட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது, யூத நூல்கள் உள்ள செஃபாரியா இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். அதற்கு முந்தின ஏட்டையும் சேர்த்து வாசித்துவிட்டுப் போங்கள். யாருடைய சாட்சியை எப்போது ஏற்பது என்பதெல்லாம் அங்கே இருந்துதான் தொடங்குகிறது, பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.