ஒரே ஏரி, ஒரே மீன்: வருடத்தில் இரண்டு தடவை சினை பிடிக்குமா?

கணக்கன், கடலூர் முதுநகர்:

எல்லோருக்கும் வணக்கம். துறைமுகத்தில் ஏலக்கணக்கு எழுதுகிறவன் நான். இருபத்தேழு வருடமாகிறது. கூடை இறங்கும்போது எந்த மீனில் சினை தெரிகிறதோ, அதன் பெயருக்குப் பக்கத்தில் ‘சி’ என்று ஒரு சின்ன எழுத்துப் போட்டு வைப்பது என் பழக்கம். யாரும் கேட்டதில்லை, அதற்குச் சம்பளமும் இல்லை. ஏதோ ஒரு கிறுக்கு.

போன நவம்பரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். இங்கிலாந்தின் வடமேற்கில் கெண்டல் என்று ஓர் ஊர். அங்கே அவள் நர்ஸ். பேத்தி பிறந்திருந்ததால் பிப்ரவரிக் கடைசிவரை தங்கினேன். கை மீன் வாடை அடிக்காமல் மூன்று மாதம் இருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

அடுத்த வீட்டில் ஒரு பெரியவர். பக்கத்திலுள்ள விண்டர்மியர் ஏரியில் வெகுகாலம் துடுப்புப் படகில் போய்த் தூண்டில் போட்டவர். அவர் பிடித்த மீனின் பெயர் ‘சார்’. மீனைத்தான் சொல்கிறேன், வாத்தியாரை அல்ல. குழப்பம் வேண்டாம், இனி சார்மீன் என்றே எழுதுகிறேன். சால்மன், டிரவுட் குடும்பத்தைச் சேர்ந்தது. (நம் கடைகளில் காலாவை இந்தியன் சால்மன் என்று விற்கிறார்களே, அதற்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை.) ஏறக்குறைய ஒரு முழங்கைக்குக் கொஞ்சம் குறைவான நீளம், சினைக்காலத்தில் வயிறு குங்குமமாகச் சிவந்துவிடும். படம் காட்டினார். நீண்ட கயிற்றின் அடியில் ஈயக் குண்டு கட்டி, இடையிடையே கிளைக்கயிறுகளில் பளபளக்கும் தகடுகளைத் தொங்கவிட்டு, படகை மெதுவாக வலித்துக்கொண்டே போவார்களாம். அவர் அம்மா வைத்திருந்த ஒரு பீங்கான் தட்டையும் காட்டினார். வெளிப்புறம் சுற்றிலும் இந்த மீனின் ஓவியம். முன்பெல்லாம் மீனை வேகவைத்து, மசாலாவும் வெண்ணெயும் சேர்த்து அந்தத் தட்டில் அடைத்து லண்டனுக்கே அனுப்புவார்களாம்.

விஷயத்துக்கு வருகிறேன். “இப்போது நவம்பர், கரையோரச் சரளையில் முட்டையிட்டுக்கொண்டிருக்கின்றன. பிப்ரவரி, மார்ச்சில் ஆழத்தில் முட்டையிடும்” என்றார். இரண்டு போகம் போலும் என்று நினைத்தேன். ஒரே மீன் வருடத்துக்கு இரண்டு தடவை சினை பிடிக்கிறது என்றேன். “இல்லை, அவை வேறு, இவை வேறு” என்றார். பார்த்தால் வித்தியாசம் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார்! தெரியாததை எப்படி வேறு என்பது? மகள் நடுவில் நின்று மொழிபெயர்த்தே களைத்துப்போனாள். கடைசியில் பந்தயம் கட்டினோம். நான் சொன்னது சரியென்றால் அவர் வீட்டு டாம்சன் பழ ஜாம் ஒரு பாட்டில். அவர் சொன்னது சரியென்றால் ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு.

விவரம் தெரிந்தவர்கள் தீர்ப்புச் சொல்லுங்கள். இன்னொன்று: ஒரே ஏரியில், ஒரே மீனுக்கே இரண்டு காலம் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்று நமக்கு வகுத்திருக்கும் தடைக்காலம் எந்த மீனின் கணக்கு?

உப்பனாறு:

அண்ணா, ஜாம் உங்களுக்குத்தான். மத்தியைப் பாருங்கள், ஒரே மீன் தவணை தவணையாக முட்டை விடுகிறது. என் குட்டையில் இருக்கும் திலேப்பியாவுக்கு மாதக்கணக்கு போதும். மீன் என்றால் அப்படித்தான். குளிர்நாட்டு மீன் மட்டும் என்ன கொம்பா?

கணக்கன், கடலூர் முதுநகர்:

நன்றி தம்பி. பாட்டிலைக் கழுவி வைக்கச் சொல்லி மகளுக்குச் செய்தி அனுப்புகிறேன்.

வில்லியனூர் டீச்சர்:

பாட்டிலைக் கழுவ வேண்டாம், கருவாட்டை வெயிலில் போடுங்கள். பெரியவர் சொன்னதுதான் சரி.

முப்பது வருடம் விலங்கியல் பாடம் நடத்தியவள் நான். உப்பனாறு தம்பி சொன்ன மத்தியும் திலேப்பியாவும் உண்மைதான், ஆனால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது. சால்மன் குடும்பத்து மீனின் வயிற்றில் அந்த வருடத்துக்குரிய முட்டையெல்லாம் ஒன்றாக வளர்ந்து, ஒன்றாகவே முற்றும். சில நாட்களில் எல்லாவற்றையும் இட்டு முடித்துவிடும். நவம்பரில் வயிறு காலியான தாய்மீன் பிப்ரவரிக்குள் மறுபடி சினை கட்ட வழியே இல்லை. அந்தப் பெரிய முட்டைகளில் மஞ்சள்கரு சேரவே பல மாதங்கள் ஆகும்.

விண்டர்மியர் ஏரிக்கு இந்த விஷயத்தில் பெரிய பெயர் உண்டு. வினிஃப்ரெட் ஃப்ராஸ்ட் என்ற ஆய்வாளர் சார்மீன்களை முட்டையிடும் இடத்திலேயே பிடித்து, அடையாளம் கட்டி விட்டார். பின்னால் வந்த வருடங்களில் அவை அதே பருவத்தில், அதே இடத்தில்தான் திரும்பச் சிக்கின. 1960களில் வெளியான ஆய்வு. இலையுதிர் காலக் கூட்டம் ஓரிரு மீட்டர் ஆழமுள்ள கரையோரச் சரளையில், நவம்பரில். வசந்தக் கூட்டம் 15, 20 மீட்டர் ஆழத்தில், பிப்ரவரி, மார்ச்சில். பிற்பாடு மரபணுவைப் பார்த்தவர்களும் இரண்டும் தனித்தனிக் கூட்டம் என்றே கண்டார்கள். செவுளிலுள்ள முட்களின் சராசரி எண்ணிக்கைகூட மாறுகிறது, ஆனால் அதை எண்ண மீனை அறுக்க வேண்டும். பார்த்தால் தெரியாது என்று பெரியவர் சொன்னது நேர்மையான பதில்.

நீங்கள் போகம் என்றீர்கள். நல்ல உவமை, பாதியில் விட்டுவிட்டீர்கள். குறுவையும் சம்பாவும் நெல்தான். குறுவை விதையைச் சம்பாப் பட்டத்தில் தூவினால் அது சம்பாவாகிவிடுமா? பழைய சம்பா ரகங்கள் பகல் குறுகுவதைப் பார்த்துத்தான் கதிர் விடும். இந்த மீனும் அப்படியே, பகலின் நீளத்தை வைத்துத்தான் நாள் குறிக்கிறது. எந்தப் பகல் நீளத்துக்கு எழுந்திருக்க வேண்டும் என்பது பரம்பரையில் வருகிறது. வானவில் டிரவுட் வளர்க்கிற பண்ணைகளில் இது சாதாரணமாகத் தெரிந்த சங்கதி. இயற்கையில் வசந்தத்தில் முட்டையிடும் மீன் அது. முந்திச் சினைப்படும் தாய்களையே பல தலைமுறை பொறுக்கி எடுத்து, இலையுதிர் காலத்தில் முட்டையிடும் ரகங்களை உண்டாக்கிவிட்டார்கள். அவசரமென்றால் தொட்டிக்கு மேலே விளக்கைப் போட்டு, பகலைக் கூட்டியும் குறைத்தும் மீனை ஏமாற்றுவதும் உண்டு. நம் கெண்டைக்கு அதெல்லாம் போதாது. 1957இல் ஹீராலால் சௌத்ரி என்ற மீன் விஞ்ஞானி, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டுத்தான் குளத்துக் கெண்டையை முட்டையிட வைத்தார்.

கரையோரக் கூட்டத்துக்கு ஏன் நவம்பர் என்று அடுத்துக் கேட்பீர்கள். சார்மீன் முட்டைக்குக் குளிர் வேண்டும். நீர் 8 டிகிரியைத் தாண்டினால் முட்டைகள் கெடத் தொடங்கிவிடும். ஆகவே கரையோரக் கூட்டம் கரை நீர் குளிரும் நவம்பர்வரை காத்திருக்கிறது. காத்திருக்கத் தேவையில்லாத இடமும் உண்டு. ஐஸ்லாந்தில் திங்வாட்லவாட்ன் என்ற ஏரி. (வாயில் நுழைய எனக்கு ஒரு வாரமாயிற்று.) அதில் சார்மீன் நான்கு வடிவங்களில் வாழ்கிறது. அடித்தரையில் நத்தை மேய்கிற பெரிய கறுப்பு மீன் ஒன்று, அதேபோல் அடியில் மேய்கிற சிறியது ஒன்று, நடுநீரில் மிதவை உயிர்களைத் தின்பது ஒன்று, மற்ற மீனைத் தின்பது ஒன்று. அந்தப் பெரிய கறுப்பு மீன் ஜூலை, ஆகஸ்டிலேயே முட்டையிட்டுவிடும்! நடுக்கோடையில் எப்படி என்றால், அங்கே எரிமலைப் பாறை வெடிப்புகளிலிருந்து வருடம் முழுவதும் 3, 4 டிகிரி குளிர்ந்த ஊற்று நீர் வந்துகொண்டே இருக்கிறது. ஊற்றுக்கண் ஓரமாகப் போய் முட்டையிடுகிறது. மிதவை தின்னிக்குச் செப்டம்பர், அக்டோபர். சிறியது ஆகஸ்டிலிருந்து நவம்பர்வரை. ஏரி ஒன்று, நாள்காட்டி வேறு.

என் அப்பா முதலியார்பேட்டை மில்லில் பகல் ஷிப்ட், சித்தப்பா இரவு ஷிப்ட். வீட்டில் இருந்தது ஒரே பாய். ஞாயிற்றுக்கிழமை தவிர இருவரும் முகம் பார்த்துக்கொண்டதில்லை. சினைக்காலத்தைப் பொறுத்தவரை விண்டர்மியர் மீன்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. கலக்க வாய்ப்பில்லை என்பதால் இரண்டும் தனித்தனியாகவே நீடிக்கின்றன.

தேங்காய்த்திட்டு:

டீச்சர், ஒரு சந்தேகம். பார்க்க ஒன்றாக இருக்கிற மீன்தானே? ஒரு கூட்டம் போனால் இன்னொன்று பெருகி அந்த இடத்தை நிரப்பிவிடாதா? வலைக்காரன் கண்ணோட்டத்தில் கேட்கிறேன், எடை வந்தால் சரி.

வில்லியனூர் டீச்சர்:

நிரப்பவில்லை தம்பி. ஆர்மீனியாவில் செவான் ஏரி, ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில். அங்கே உள்ள டிரவுட் மீனுக்கு இஷ்கான் என்று பெயர், அவர்கள் மொழியில் இளவரசன். அதிலும் நான்கு வகை: குளிர்கால பாக்தாக், கோடைகால பாக்தாக், கெகார்குனி, போஜாக். முட்டையிடும் காலமும் இடமும் வகைக்கு வகை வேறு. குளிர்கால பாக்தாக்கும் போஜாக்கும் ஏரிக்குள்ளேயே கரையோரச் சரளையில் முட்டையிட்டவை. கெகார்குனி ஆறுகளில் ஏறுவது. சோவியத் காலத்தில், 1930களிலிருந்து, பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் ஏரி நீரை எடுத்தார்கள். மட்டம் ஏறத்தாழ 20 மீட்டர் இறங்கியது. முட்டையிடும் சரளையெல்லாம் வெயிலில் காய்ந்து தரையாயிற்று. குளிர்கால பாக்தாக்கும் போஜாக்கும் இல்லாமலே போய்விட்டன. மற்ற இரண்டும் குஞ்சுப் பொரிப்பகங்களின் தயவில் இருக்கின்றன. ஆற்றில் முட்டையிடும் கெகார்குனி, ஐயோ பங்காளி போய்விட்டானே என்று ஏரிக் கரைக்கு வந்து முட்டையிடவில்லை. எடைக்கு வேண்டுமானால் ஒரு மீனுக்கு இன்னொன்று ஈடாகலாம், ஏரிக்கு ஆகாது.

கணக்கன் ஐயா, உங்கள் இரண்டாம் கேள்வியை மறக்கவில்லை. நம் தடைக்காலம் எந்த ஒரு மீனின் ஜாதகத்தையும் பார்த்து வைத்ததில்லை. முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள். நூற்றுக்கணக்கான வகை மீன் இருக்கிற கடலில் எல்லாச் சினையும் அதற்குள் அடங்காது. பல மீன்களுக்குப் பயன், சிலவற்றுக்குப் பயனில்லை. எந்தெந்த மீனுக்கு என்று நான் இங்கிருந்து சொல்வதைவிட, ‘சி’ போட்ட அந்த நோட்டுகளைப் புரட்டினால் உங்களுக்கே தெரியும். அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

உப்பனாறு:

தவறான தீர்ப்புச் சொன்னதற்கு மன்னிக்கவும் அண்ணா. கருவாட்டில் அரைக் கிலோ என் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கன், கடலூர் முதுநகர்:

டீச்சர், தோற்றதில் வருத்தமில்லை. இருபத்தேழு வருடத்தில் நோட்டைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். நேற்று இரவு பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். மூன்றைக் கரையான் தின்றுவிட்டது. மற்றவற்றில் கவளைக்கு எதிரே ‘சி’ இல்லாத மாதத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வஞ்சிரத்துக்குத் தனிப்பக்கம் போட வேண்டும்.

ஒரு கூத்து. பெரியவரிடம் தோல்வியைச் சொல்லச் சொன்னேன். அவர் ஏற்கெனவே ஒரு பாட்டில் ஜாம் கொண்டுவந்து பேத்தியின் பெயரில் கொடுத்துவிட்டாராம். கருவாடு என்ன வாடை அடிக்கும் என்று அவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று மாப்பிள்ளை கேட்கிறார். வரும் ஆடியில் இங்கிருந்து ஒருவர் அந்தப் பக்கம் போகிறார். பெட்டியில் நெத்திலிக் கருவாடு வாடை வராமல் கட்ட யாருக்காவது வழி தெரியுமா?

தேங்காய்த்திட்டு:

நன்றாகச் சுக்காகக் காயவிட்டு, மூன்று பாலித்தீன் உறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே செய்தித்தாள், எல்லாவற்றுக்கும் மேல் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பா. அப்படியும் வரும். போகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே மீன் வகையை உள்ளே விடுகிறார்களா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.