ரோல்பேக்: மீட்பா, மீட்சியா?

வணக்கம்.

கணினி செய்த மாற்றத்தைக் கலைத்துவிட்டுப் பழைய நிலைக்கே திரும்புவதை ரோல்பேக் என்கிறோம். அதற்குத் தமிழில் 'பின்னுருட்டல்' வேண்டாம் என்பதில் நமக்குள் சண்டையில்லை. ஆனால் ஆம்பூர் ஐயா நேற்று எழுதியபடி, கெட்டுப்போனதைச் சரிசெய்து எடுக்கும் ரெக்கவரிக்கும் ரோல்பேக்குக்கும் சேர்த்து 'மீட்பு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. போன வாரம் காட்பாடியில் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா மகன் பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தானே அசெம்பிள் செய்த கணினி அது. லினக்ஸ் மேம்படுத்தல் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. மறுபடி போட்டால், லினக்ஸ் குடியிருக்கும் வேர்க் கோப்பு முறைமையை (ரூட் ஃபைல் சிஸ்டம்) ஏற்ற முடியவில்லை என்று கெர்னல் பேனிக், அதாவது லினக்ஸின் மையமான கெர்னலே மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றுவிட்டது. பழைய கெர்னலைத் தேர்ந்து பார்த்தோம். நூலகங்கள் பாதி புதிது, பாதி பழையது என்று கிடந்ததால் அதுவும் உள்நுழைவுத் திரை வரை வரவில்லை. கம்பெனி மடிக்கணினி என்றால் பெரும்பாலும் மீட்புப் பகிர்வு (ரெக்கவரி பார்ட்டிஷன்) ஒன்றை வட்டிலேயே வைத்து விற்பார்கள். வீட்டில் அசெம்பிள் செய்த பெட்டியில் அது ஏது?

என் பென்டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸை ஏற்றி, அவன் வட்டை அதில் இணைத்து, அந்த வட்டின் லினக்ஸுக்குள் நுழைய உதவும் சிஎச்ரூட் கட்டளை வழியாக உள்ளே போனேன். பூட் அடைவில் புதிய கெர்னல் இருந்தது. வட்டைத் திறக்கும் நிரல்களைச் சுமந்து வர வேண்டிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைக் காணோம். அதை உருவாக்குமுன் கரண்ட் போயிருக்கிறது. பாதியில் நின்ற மென்பொருள் பொதிகளை நிறுவி முடித்து, அந்தக் கோப்பை உருவாக்கி, தொடக்கப் பட்டியலைக் காட்டும் கிரப்பைப் புதுப்பித்த பிறகுதான் பெட்டி எழுந்தது. அடகில் இருக்கும் நகை தானாக வீடு வராது, ஒருவர் போய் மீட்க வேண்டும். இதுவும் அப்படித்தான், சரியான மீட்பு.

ரோல்பேக்கின் கதை வேறு. விண்டோஸ் மேம்படுத்தல் பாதியில் கெட்டால், செய்த மாற்றங்களைத் தானே கலைத்துவிட்டுப் பழையபடி எழப் பார்க்கும். ஓப்பன்சூசே என்ற லினக்ஸில், ஸ்னாப்பர் என்ற கருவி முன்பே எடுத்து வைத்த நிலைப்பிடிப்பை, அதாவது அந்த நேரத்து நிலையின் பதிவான ஸ்னாப்ஷாட்டை, தொடக்கப் பட்டியலில் தேர்ந்து எழுப்பி, பிறகு ஒரு கட்டளையில் அதையே நிலையாக்கிவிடலாம். தரவுத்தளத்தில் நடுவில் அறுந்த பரிவர்த்தனையும் இப்படித்தான். திரும்ப வேண்டிய நிலை கணினிக்குள்ளேயே இருக்கிறது.

காணாமல் போன மாட்டைத் தேடிப் பிடித்தால் எங்கள் பக்கத்தில் 'ஓட்டிக்கினு வந்தேன்' என்பார்கள். அதுவாக வந்து கொட்டகையில் நின்றால் 'வந்துட்டுது', அவ்வளவுதான். மீட்டேன், மீண்டது: பிறவினையும் தன்வினையும் தமிழில் ஏற்கெனவே பிரிந்து நிற்கின்றன. ஆள் ஆட்சியாகிறது, நீள் நீட்சியாகிறது, மீள் மீட்சியாகிறது. எனவே ரோல்பேக்குக்கு 'மீட்சி' என்பதை முன்வைக்கிறேன்.

இது புதிதாக அடித்த சொல்லும் அல்ல. பொருளாதார மீட்சி என்று நாளிதழ்களில் படிக்கிறோம். பள்ளி இயற்பியலில் மீட்சிப் பண்பு படித்திருக்கிறோம்: இழுத்துவிட்ட ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புவது. அதே பாடத்தில் வரும் 'மீட்சி எல்லை' எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விண்டோஸில் புதிய பதிப்புக்கு மாறினால், இயல்பாக 10 நாள் வரைதான் பழையதற்குத் திரும்ப முடியும். அப்புறம் பழைய கோப்புகள் அழிக்கப்பட்டுவிடும். அந்தக் கெடுவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

இரண்டும் ஒலியில் நெருங்கி இருப்பதால் குழப்பம் வரும் என்று ஐயா சொல்லக்கூடும். திருந்தினான், திருத்தினான் என்பதில் எந்தப் பிள்ளையும் குழம்புவதில்லையே. பொத்தானில் 'மீள்க', 'மீட்க' என்று எழுதிப் பாருங்கள், எது எதற்கு என்று விளங்கும்.

விண்டோஸில் பின்னால் திரும்பிப் போக முன்பே குறித்து வைக்கும் ரீஸ்டோர் பாயிண்ட்டையும் இதே கணக்கில் 'மீட்சிப் புள்ளி' என்பேன். வெளி வட்டில் வைத்த காப்பு நகலிலிருந்து எடுத்தால் மீட்பு. ஸ்னாப்ஷாட்டுக்கு மேலே 'நிலைப்பிடிப்பு' என்று எழுதியிருக்கிறேன், ஆனால் அதில் எனக்கே முழு நிறைவில்லை. நல்ல சொல் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
வேலூரிலிருந்து