படம் வருகிறது, சத்தம் இல்லை: ஸ்பீக்கரை எங்கே செருகுவது?

ஈசூன்வாசி:
அம்மாவின் அறை சின்னது. அலுவலகத்தில் கழித்துவிட்ட 24 அங்குல மானிட்டரைச் சுவரில் மாட்டி, மீடியா பிளேயர் பெட்டியை எச்டிஎம்ஐ கம்பியால் இணைத்திருக்கிறேன். மீவாட்ச் இணையச் சேவையில் வசந்தம் தொலைக்காட்சி நாடகம் பளிச்சென்று தெரிகிறது, சத்தம்தான் வரவில்லை. மானிட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது. அதன் பின்னால் ஹெட்போன் துளை ஒன்று இருக்கிறது, பெட்டியிலும் ‘ஏவி’ என்று ஒரு துளை இருக்கிறது. அம்மாவுக்குக் காது சற்று மந்தம் என்பதால் நல்ல ஸ்பீக்கராகவே வாங்கியிருக்கிறேன். எதில் செருகுவது?

மின்கம்பி:
மானிட்டரில் செருகுங்கள். எச்டிஎம்ஐ கம்பியில் படத்தோடு ஒலியும் சேர்ந்தே வருகிறது. அதைப் பிரித்துத் தருவதற்குத்தான் அந்தத் துளை. குறியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்போன் படம் போட்டிருந்தால் ஒலி வெளியே வரும். ‘ஆடியோ இன்’ என்றிருந்தால் அது ஒலி உள்ளே போகும் வழி, ஸ்பீக்கருக்கு உதவாது. அப்படியும் சத்தம் வராவிட்டால் பெட்டியின் ஒலி அமைப்புக்குப் போய் டால்பியை (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) நீக்கிவிட்டு பிசிஎம் (சுருக்காத சாதாரண ஒலி) என்று வையுங்கள். கணினித் திரைகளுக்குப் பொதுவாக டால்பி புரியாது.

ஜூரோங் மேற்கு:
மேசைமுன் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது சரி. கட்டிலில் சாய்ந்திருக்கும் அம்மாவுக்குச் சரிவராது. மானிட்டரின் ஒலியளவை மாற்ற வேண்டுமானால் எழுந்துபோய் அதன் அடியில் உள்ள பொத்தான்களைத் தடவ வேண்டும். அதைவிடப் பெரிய குறை, திரையை அணைத்தால் பெரும்பாலான மானிட்டர்களில் ஒலியும் நின்றுவிடும். இரவில் அவர் அதே பெட்டியில் ‘ஒலி 96.8’ வானொலி கேட்க விரும்பினால் அறை முழுக்க வெளிச்சம் அடித்துக்கொண்டிருக்கும். ஒலியைப் பெட்டியின் ஏவி துளையிலிருந்தே எடுங்கள்.

மின்கம்பி:
அண்ணா, ஒலியளவுக்கு எழுந்துபோக வேண்டியதில்லை. பிசிஎம்மில் வைத்தால் பல பெட்டிகளில் பெட்டியின் ரிமோட்டே சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். டால்பியை அப்படியே அனுப்பும்போதுதான் ரிமோட் வேலை செய்யாது. நீங்கள் சொல்லும் ஏவி துளையில் வேறு தொல்லை இருக்கிறது. அதற்கான செருகியில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும், அவற்றால் பிரிந்த நான்கு பகுதிகளில் இடது ஒலி, வலது ஒலி, படம், தரை (எர்த்) என நான்கும் போகும். அந்த வரிசை எல்லா நிறுவனங்களிலும் ஒன்றல்ல. சாதாரண ஸ்பீக்கர் செருகியை அதில் நுழைத்தால், வலது ஒலி வர வேண்டிய இடத்தில் படத்தின் சமிக்ஞை வந்து உறுமக்கூடும். காது மந்தமான பெரியவருக்கு அந்த இரைச்சல் தேவையா?

தெம்பனிஸ் ஆசிரியை:
இத்தனை சிக்கல் எதற்கு? புளூடூத் ஸ்பீக்கர் வாங்கித் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். கம்பியே வேண்டாம்.

ஜூரோங் மேற்கு:
டீச்சர், வானொலிக்கு அது போதும். நாடகத்துக்குப் போதாது. புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வரும். காது மந்தமானவர்கள் பலர் உதட்டையும் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். உதடு ஒன்று சொல்ல, ஒலி பின்னால் வந்தால் அவர்களுக்கு இரண்டுமே பிடிபடாது. நமக்கு அது சின்ன உறுத்தல், அவர்களுக்கோ நாடகமே போய்விடும்.

மின்கம்பி சொன்ன உறுமல் நிஜம்தான், ஆனால் அதைத் தீர்க்கலாம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் உள்ள ஏவி கம்பியைச் சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் கேட்டு வாங்குங்கள். வெள்ளையையும் சிவப்பையும் ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். சிவப்பில் உறுமினால் அங்கே படம் வருகிறது என்று பொருள். அதற்குப் பதில் மஞ்சளை எடுத்து ஸ்பீக்கரில் மாட்டிப் பாருங்கள். சில பெட்டிகள் எச்டிஎம்ஐ மாட்டியிருக்கும்போது ஏவி துளையை முடக்கிவிடும், அதையும் ஒலி அமைப்பில் பார்த்து மாற்ற வேண்டும்.

பிடோக் வடக்கு:
என் மானிட்டரில் டிவிஐ என்ற பழைய வகைத் துளை மட்டும்தான். எச்டிஎம்ஐ கம்பிக்கு ஒரு மாற்றியை (அடாப்டர்) இடையில் வைத்ததில் படம் வருகிறது. நானும் இதையே செய்யலாமா?

மின்கம்பி:
உங்கள் திரையில் ஒலிக்கு வழியே இல்லை. பெட்டியில் ஏவி துளையும் இல்லையென்றால் பெட்டிக்கும் திரைக்கும் நடுவே மாட்டி ஒலியைத் தனியே எடுக்கும் எச்டிஎம்ஐ ஒலிப் பிரிப்பான் வாங்குங்கள். பல பிரிப்பான்களில் பக்கவாட்டில் நகரும் சுவிட்ச் ஒன்று இருக்கும். ‘பாஸ்’ என்ற நிலையில் வைத்தால் அது திரை சொல்வதையே பெட்டிக்குச் சொல்லும். உங்கள் திரையோ ஒலி வேண்டாம் என்கிறது, பெட்டியும் அனுப்பாது. அதனால் ‘2சிஎச்’ (இடது, வலது என இரு தட ஒலி) பக்கம் தள்ளுங்கள்.

ஈசூன்வாசி:
முதலில் மானிட்டரிலேயே செருகினேன். பிசிஎம்முக்கு மாற்றியதும் சத்தம் வந்தது, ரிமோட்டும் கேட்கிறது. அம்மா நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் திரையை அணைத்ததும் வானொலி நின்றுவிட்டது.

மின்கம்பி:
வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவிடுங்கள், போதும்.

ஜூரோங் மேற்கு:
அந்தப் பொத்தானும் மானிட்டரின் அடியில்தானே இருக்கிறது? ஏவி கம்பி வாங்குங்கள், ஈசூன்வாசி. அம்மா திரையை அணைத்துவிட்டுக் கண்மூடிக் கேட்கட்டும்.