கடற்கரை வீட்டில் இரையும் மின்விசிறி

கேள்வி (மண்டபம்):
கடலை ஒட்டிய எங்கள் வீட்டுக் கூடத்து மின்விசிறி, குறைந்த வேகத்தில் வைத்தாலும் கரகரவென்று இரைகிறது. இறக்கைத் திருகுகளை முடுக்கியும் நிற்கவில்லை. அம்மா உறங்க முடியாமல் தவிக்கிறார்கள். என்ன செய்யலாம், ஐயா?

பதில் (கீழக்கரை):
மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள்; அப்போதும் கரகரத்தால், சுழலும் பகுதியைத் தாங்கும் குண்டு வளையமான பேரிங்தான் காரணம். உப்புக்காற்றில் உள்ளிருக்கும் குண்டுகள் துருப்பிடித்து, கிரீஸும் காய்ந்துவிடுவதால், எண்ணெய் விடுவது சில நாள்களுக்கே உதவும், தூசியையும் சேர்க்கும். பெரும்பாலும் 6201 அல்லது 6202 என்ற எண்ணுள்ள பேரிங் இருக்கும். பழையதில் பொறித்த எண்ணைப் பார்த்து, இருபுறமும் மூடியுள்ளதாக வாங்கி, விசிறியில் மேலும் கீழுமுள்ள இரண்டு பேரிங்குகளையும் ஒருசேர மாற்றுங்கள்.

பதில் (தொண்டி):
கழற்றும்போது கொக்கியில் மாட்டும் போல்ட்டையும் ரப்பர் புஷ்ஷையும் அவசியம் பாருங்கள். எங்கள் பக்கம் பாதி அரித்துப்போன போல்ட்டில் விசிறி தொங்கியதைக் கண்டிருக்கிறேன்; சத்தத்தைவிட அதுவே எனக்குக் கவலை. பேரிங் மாற்றிய பின்னும் ரீங்காரம் கேட்டு, முழு வேகத்தில் மட்டும் அது அடங்கினால், ரெகுலேட்டரைச் சோதியுங்கள்.