கோவிந்தன் தாத்தா குடும்பம் (குழு)

சரளா அக்கா: எல்லாரும் பாருங்க. மீனா அவளோட கர்ப்ப அட்டையை போட்டோ எடுத்து அனுப்பினா. ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 8.2 தான் இருக்குது. 11 இருக்கணும். பிரசவ தேதி 24 போட்டிருக்காங்க. ரெண்டு வாரம்கூட இல்ல. இப்பவே பிஹெச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) பிரசவக் காத்திருப்பு அறையில கொண்டுபோய் விட்டுடணும்.

குமார் மாமா: சரி

குமார் மாமா: சாமை அடிக்கிற மிஷின் வருது. களத்துக்கு யார் யார் வர்றீங்க

பிரபு: மாமா 😂

லட்சுமி பெரியம்மா: [குரல் பதிவு 0:48]

பிரபு: ஹெட்போன் இல்லாதவங்களுக்கு: நான் அஞ்சு பெத்தேன், எல்லாம் இதே வீட்டுலதான், ஊசியா மாத்திரையாங்குது. நடுவுல ஆட்டை விரட்டுது.

சரளா அக்கா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வேலு (குடகு): அக்கா வேணாம்

லட்சுமி பெரியம்மா: [குரல் பதிவு 0:09]

பிரபு: அக்கா அழிக்கிறதுக்குள்ள சின்னு அதைப் படிச்சுக் காட்டிட்டான்போல. "மூணு இருக்குது, ரெண்டு போச்சு, எனக்குத் தெரியாதா"ங்குது.

சரளா அக்கா: பெரியம்மா 🙏 நான் அதுக்குச் சொல்லல. ரத்தம் கம்மியா இருக்கிற உடம்பு கொஞ்சம் போனாலும் தாங்காது. குழந்தை பொறந்த பின்னால ரத்தம் நிக்கலைன்னா ரெண்டு மணி நேரத்துலகூட உசுருக்கு ஆபத்து. நம்ம ஊர்ல இருந்து ஓடை தாண்டித் தார் ரோட்டைப் பிடிக்கவே எவ்வளவு நேரம் ஆகும்? ஐப்பசி மழையில 108 ஓடைக்கு அந்தப் பக்கமே நின்னுடும். சிக்னலும் பாறை மேல ஏறினாத்தான். ரத்தம் ஏத்தணும்னா திருவண்ணாமலை மெடிக்கல் காலேஜ் வரைக்கும் இறங்கணும். சுமதியை டோலி கட்டித் தூக்கினது மறந்துடுச்சா?

வேலு (குடகு): தூக்குன நாலு பேர்ல நானும் ஒருத்தன்

குமார் மாமா: பாலம் வந்திருந்தா இதெல்லாம் எதுக்கு

செல்வம் சித்தப்பா: பாலத்தைப் பத்தி நீ பேசாத. மனுவுல கையெழுத்து கேட்டப்ப யாரு போடல?

குமார் மாமா: அது வேற விஷயம்

செல்வம் சித்தப்பா: என்ன வேற விஷயம்

பிரபு: ஆரம்பிச்சாச்சு 🍿

சுமதி: நான் இந்தக் குரூப்லதான் இருக்கேன். டோலி பத்தி ஆளாளுக்குப் பேசுறீங்க. அதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்க. கீழ ஆஸ்பத்திரியில "மலை ஆளுங்க, முதல்ல குளிச்சிட்டு வரச் சொல்லு"ன்னு வார்டு முழுக்கக் கேக்குற மாதிரி சொன்னாங்க. வலி மறந்துச்சு, அது மறக்கல. அண்ணி போகட்டும். ஆனா தனியா விடாதீங்க.

சரளா அக்கா: சுமதி சொல்றது நிஜம்தான். அதுக்குத்தான் பிஹெச்சியில முன்னாடியே போய் இருக்கச் சொல்றேன். நர்ஸுங்க முகம் பழகிடும். சாப்பாடு அங்கயே குடுப்பாங்க, துணைக்கு ஒருத்தர் தங்கலாம். ரத்தத்துக்கு டிரிப்புல இரும்புச்சத்து ஏத்துவாங்க. சிக்கல்னு தெரிஞ்சா அங்க இருந்தே வண்டி பிடிச்சு அனுப்பிடுவாங்க, ராத்திரியில டார்ச் அடிச்சுக்கிட்டு ஆள் தேட வேணாம்.

மீனா: குட்டிப் பாப்பாவை யாரு பாத்துக்குவாங்க?

சரளா அக்கா: அப்புறம் கர்ப்பிணிங்களுக்கு அரசு உதவித்தொகை குடுக்குற முத்துலட்சுமி ரெட்டி திட்டம். மொத்தம் 18,000. அதுல 14,000 ரொக்கம், தவணை தவணையா மீனா கணக்குல ஏறும். மீதிக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். அரசு ஆஸ்பத்திரியில பெத்தாத்தான் பிரசவத் தவணை. கர்ப்பத்தைப் பதிஞ்சப்ப குடுத்த பிக்மி நம்பரைப் பத்திரமா வைங்க, பிறப்புச் சான்றுக்குக் கேப்பாங்க.

செல்வம் சித்தப்பா: போன தடவை வந்த காசுலதானே ஒருத்தர் வண்டிக்கு டயர் மாத்தினாரு

குமார் மாமா: கைமாத்து. திருப்பிக் குடுத்துட்டேன்

வேலு (குடகு): பாதி

பிரபு: சான்றுன்னதும் ஞாபகம் வருது. என் எஸ்டி சான்று இன்னும் ஆர்டிஓ (கோட்டாட்சியர்) கையெழுத்துக்கு நிக்குது. ஸ்காலர்ஷிப் போயிடும்போல. யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா?

செல்வம் சித்தப்பா: தாத்தா சான்று நகல் என்கிட்ட இருக்குது. வந்து எடுத்துக்கோ

பிரபு: லேமினேஷன் பண்ணீங்களா சித்தப்பா? போன தடவை எலி தின்னதைக் காட்டினீங்க

மீனா: நான் மேல கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. போக மாட்டேன்னு நான் சொல்லவே இல்ல. பாப்பாவுக்கு ஆள், ஆட்டுக்கு ஆள், அத்தைக்குச் சோறாக்க ஆள். இதைச் சொல்லுங்க, நாளைக்கே பை கட்டுறேன்.

வேலு (குடகு): நான் சனிக்கிழமை கிளம்பப் பாக்குறேன். மேஸ்திரி கணக்கு முடிச்சு விடணும்

சுமதி: துணைக்கு நான் வர்றேன் அண்ணி. வீட்டுல கேட்டுட்டு ராத்திரி சொல்றேன்

லட்சுமி பெரியம்மா: [குரல் பதிவு 0:21]

பிரபு: "பாப்பா என்கிட்டயே கிடக்கும். என் சோத்தை நான் ஆக்கிக்குவேன், எனக்கு என்ன கை இல்லையா. ஆடு மட்டும் என்னால மேய்க்க முடியாது, முட்டி வலி விடாது"ங்குது.

சரளா அக்கா: 🙏🙏 மீனா, மாத்திரையை டீயோட போடாத, சத்து உடம்புல சேராது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் விட்டுப் போடு. மலம் கருப்பாப் போனா பயப்படாத.

குமார் மாமா: சாப்பிடுற நேரத்துல இதை ஏம்மா

பிரபு: ஆட்டை ஞாயிறு மட்டும் நான் பாக்குறேன். மத்த நாள் காலேஜ்

செல்வம் சித்தப்பா: ஜீப் இருக்குது. டீசல் யாரு?

வேலு (குடகு): நான் போடுறேன் சித்தப்பா

குமார் மாமா: வியாழன் மிஷின் வந்தா ஜீப் களத்துக்கு வேணும். மூட்டை ஏத்தணும்

சரளா அக்கா: மாமா!!!

குமார் மாமா: மழை வந்தா சாமை முளைச்சிடும்மா. அதையும் பாக்கணும்ல

மீனா: அப்ப வியாழனா வெள்ளியா?

குமார் மாமா: மிஷின்காரன் போன் எடுக்கல. காலையில சொல்றேன்