தன்பாலீர்ப்புள்ள ஊழியர்களை ஒதுக்கக் கூடாது என்று ஆபீஸ் விதிமுறையில் எப்படி எழுதுவது? உதவி தேவை

வணக்கம். பாளையங்கோட்டையில் 80 பேர் வேலை பார்க்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் நான் எச்.ஆர்.

தனக்கு ஆண்கள்மீதுதான் ஈர்ப்பு என்று எங்கள் ஊழியர் ஒருவர் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். ஒரே வாரத்தில் டீக்கடை வரை போய்விட்டது. தாமிரபரணியில் வெள்ளம் வரக்கூட நேரமாகும், நம்ம ஊரில் பேச்சுக்கு ஆகாது. இப்போது மதியம் அவர் டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்து நாற்காலி காலியாகிறது. வாடிக்கையாளர்களைப் பார்க்கும் வேலையிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். கேட்டால், "சும்மா ஆள் மாத்திப் பாக்கோம்" என்கிறார் மேலாளர். புகாராக எழுதிக் கொடுக்கச் சொன்னால் அந்த ஊழியர் மறுக்கிறார். ஊரில் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்.

சட்டத்தையும் பார்த்தேன். இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு பற்றி உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தந்த தீர்ப்புக்குப் பின் தன்பாலுறவு குற்றமில்லை. சரி, வேலையில் ஒதுக்கினால்? தனியார் நிறுவனங்களுக்கு இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. 2019-இல் வந்தது திருநர்களுக்கானது. பணியிடப் பாலியல் தொல்லை குறித்த 2013 சட்டத்தில் பெண்கள்தான் புகார் தர முடியும். ஆக, எங்கள் விதிமுறையில் நாங்களே எழுதினால்தான் உண்டு.

தமிழில் இப்படி எழுதிய விதிமுறை யாரிடமாவது இருக்கிறதா? சொற்களுக்கு, பாலினம், பாலீர்ப்பு பற்றித் தமிழக அரசு 2022-இல் வெளியிட்ட சொற்பட்டியலைப் பார்க்கிறேன். எனக்குத் தெரியாதது நடைமுறைதான். பெயர் வெளியே வராமல் புகாரை எப்படி விசாரிப்பது? அப்புறம், மேலாளர்களிடம் நெல்லைக்கு வந்து தமிழில் பேசக்கூடியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பயணச் செலவு எங்களுடையது.

அந்த ஊழியரும் இந்தக் குழுவில் இருக்கலாம். யார், எந்த நிறுவனம் என்று கமெண்டில் தோண்ட வேண்டாம்.